பிறந்த வீட்டுக் கோடி

ஆதிநாராயணன் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசல் கேட்டுக்கு உட்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அரக்கு நிறப் புடவை ஒன்று, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், வாழையிலையில் சுருட்டிய பூ. வளவனூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய ஒரே தங்கை பவுனு அன்றைக்கு விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள். தாலியோடு போகிற பொம்பளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை வந்து, அதை மேலே போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். துணிக்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, ஷட்டரைத் தூக்கவைத்து, நாலு புடவையை உதறிப் பார்த்து இந்த அரக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்ததும் அவரேதான். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கிளம்பவில்லை. அவருக்கு இன்னும் சேதி வந்து சேரவில்லையாம்.

சேதி வராமலா புடவை எடுத்தார் என்று கேட்டுவிடாதீர்கள். போன் வந்தது. மனைவி அம்பிகா எடுத்துப் பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள், அந்த அழுகையில் அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் ஆதிநாராயணன் சட்டத்தில் அதெல்லாம் சேதி ஆகாது. ஒரு பொம்பளை செத்தால் அவள் புருஷன் வீட்டுப் பங்காளி ஒருத்தன் நேரில் வர வேண்டும். பிறந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இன்னார் போய்விட்டாள் என்று வாயால் சொல்ல வேண்டும். அதுதான் முறை. முறை என்றால் அவருக்கு உயிர். அதற்காக யார் உயிரை வேண்டுமானாலும் வாங்குவார்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர். தெருவில் கல்யாணமோ கருமாதியோ, எந்தத் தட்டு முன்னால் போக வேண்டும், எந்தச் சம்பந்திக்கு முதலில் சந்தனம் நீட்ட வேண்டும் என்று சந்தேகம் வந்தால், “மண்டிக்காரரக் கேளு” என்பார்கள். முதலில் மரியாதைக்குக் கேட்டார்கள். பிறகு, கேட்காவிட்டால் பந்தியில் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார் என்று பயந்து கேட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனுஷருக்குத் தெரியவில்லை. போகப்போகத் தன்னைப் பற்றியே வேறு யாரோ ஒரு பெரிய மனிதரைச் சொல்வதுபோலப் பேர் சொல்லிப் பேச ஆரம்பித்துவிட்டார். “கூப்புடாத வூட்டுக்கு ஆதிநாராயணன் போனான்னு எவனாவது சொல்லட்டும்” என்பார். அந்த ஆதிநாராயணனுக்கு இவர் கைகட்டிச் சேவகம் செய்துகொண்டிருந்தார்.

“புடவையும் எடுத்தாந்தாச்சி. இன்னும் இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கீங்க?” உள்ளேயிருந்து அம்பிகா கேட்டாள். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு, அவர் நாற்காலியை ஒட்டிய ஜன்னலுக்கு உட்பக்கம் கட்டிலில் கிடந்தாள். கால் நன்றாக இருந்திருந்தால் அவள் அப்போதே பஸ் ஏறியிருப்பாள், இவரைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

“போன்ல சொல்றது சேதியா? கரண்டு ஆபீசுலருந்து கூடத்தான் போன் வருது. பங்காளி ஒருத்தன் வரட்டும். அப்ப எழுந்திருக்கிறான் ஆதிநாராயணன்.”

“செத்துக் கெடக்கிறது உங்க தங்கச்சிங்க.”

“அதனாலதான் சொல்றேன். வேற எவளோ ஒருத்தின்னா நான் எதுக்கு முறை பாக்கப் போறேன்?”

முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எந்தச் சுவரில் முட்டினால் மண்டை உடையும் என்று தெரியும்.

பக்கத்துத் தெரு துரைக்கண்ணு தன் வேனைக் கொண்டுவந்து கேட்டெதிரே நிறுத்தினான். “அண்ணே, சேதி கேட்டதும் ஓடியாந்தேன். ஏறுங்க. பைபாஸ புடிச்சா ஜல்தியா போயிடலாம்.”

“இருப்பா. ஆள் வரட்டும்.”

“யாருண்ணே வரணும்?”

“வரவேண்டியவன்.”

துரைக்கண்ணு அம்பிகாவைப் பார்த்தான். அவள் கட்டிலிலிருந்தே கையை விரித்தாள். அவன் ஒரு டீ குடித்தான், ஒரு பீடி பிடித்தான், செஞ்சிக்கு ஒரு வாடகை வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். தெருவில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் திரும்பும்போதும் ஆதிநாராயணன் துண்டைச் சரிசெய்துகொண்டார். கேஸ் போடுகிறவன் போனான், ஸ்கூல் வேன் போனது, கோழிக்கறிக்காரன் போனான். வளவனூரிலிருந்து ஒருத்தனும் வரவில்லை.

இந்த வீம்பு இன்று நேற்று முளைத்தது இல்லை. விழுப்புரத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம், தொண்ணூற்று மூன்று. பவுனின் மகள் தமிழ்ச்செல்விக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஆடி அமாவாசையன்று காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஆதிநாராயணன் அம்பிகாவோடும் சீர்த்தட்டுகளோடும் காலையிலேயே போய் இறங்கிவிட்டார். இறங்கியவர் கோயிலுக்குப் போகவில்லை. சீர் கொண்டுவரும் தாய்மாமனை மச்சான்காரன் மேளத்தோடு எதிரே வந்து அழைத்துப் போக வேண்டாமா? பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை பெஞ்சில் தட்டுகளை வரிசையாகப் பரப்பிவைத்து உட்கார்ந்துவிட்டார். பவுனின் புருஷன் கண்ணையனுக்கு இவர் வந்து இறங்கியதே தெரியாது. மலையனூரில் அமாவாசைக் கூட்டம் என்றால் எள் போட்டால் எள் விழாது. செல்போனா இருந்தது அப்போது? “நாமளே போயிடலாங்க, புள்ள வெயில்ல கெடக்கும்” என்று அம்பிகா சொல்லிப் பார்த்தாள். “நீ சும்மா இரு, முறை தெரியாதவ” என்று அவள் வாயை அடைத்தார்.

அங்கே மொட்டை போட்ட பிள்ளை வெயிலில் வீறிட்டு அழுதது. ஆசாரிக்கு அடுத்த பிள்ளை காத்திருந்தது. கண்ணையன் நாலு பக்கமும் ஆள் விட்டுத் தேடினார், பவுனு ஒவ்வொரு பந்தலாக எட்டிப் பார்த்தாள். கடைசியில் பவுனின் ஒன்றுவிட்ட அண்ணன் சீனுவாசனை உட்காரவைத்து, அவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். டீக்கடைக்காரன் பெஞ்சைக் காலி செய்யச் சொன்ன பிறகு ஆதிநாராயணன் எழுந்து போனார். பிள்ளையின் இரண்டு காதிலும் கடுகளவு ரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்தார். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பவுனு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள். “அண்ணா! ஒரு தரம் மடியில வச்சிக்கினு போண்ணா! ஒரே ஒரு தரம்ணா!” ஜன்னல் வழியாகப் பிள்ளையை உள்ளே நீட்டினாள். ஆதிநாராயணன் ஷட்டரை இறக்கிவிட்டார். பிள்ளையின் கை நசுங்காமல் அம்பிகாதான் நடுவில் கையைக் கொடுத்தாள். அவள் விரலில் அந்த வடு இப்போதும் இருக்கிறது.

அதற்கப்புறம் இந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். “தாய்மாமன் வர்ற வரைக்கும் பொறுக்கல சார்” என்று ஆரம்பிப்பார். டீக்கடை பெஞ்ச் அதில் வராது. பல வருஷம் சொல்லிச் சொல்லி அவருக்கே அந்த பெஞ்ச் மறந்துபோயிருக்கலாம். தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்புவதை நிறுத்தினார். கண்ணையன் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டால்தான் உறவு என்றார். கண்ணையனும் ரோஷக்காரர், வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கைகால் விழுந்து, வாய்ப்பேச்சும் போயிற்று. அதைக் கேள்விப்பட்டபோது, “வாய் போனா இன்னா? தம்பிங்க இல்ல? அனுப்பலாம்ல?” என்றார் ஆதிநாராயணன். மனுஷன் சொல்கிற பேச்சா இது?

பவுனு மட்டும் நடுநடுவே வந்துகொண்டிருந்தாள். வந்தால் அடுப்படியில் அம்பிகாவோடு உட்கார்ந்துவிட்டுப் போவாள். இவர் புறக்கடை வழியாக மண்டிக்குக் கிளம்பிவிடுவார். போன ஐப்பசியில் மண்டி வாசலுக்கே வந்து நின்றாள். புடவைக்குள் ஆளே இல்லாததுபோல மெலிந்திருந்தாள். இவர் மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் போகிற வரைக்கும். முள் எப்போதோ நின்றுவிட்டது. அந்த முள் இப்போது, இந்த நாற்காலியில், கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடியும் தெருமுனையைப் பார்த்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது போன் அடித்தது. அம்பிகா பேசிவிட்டு, “தமிழ்ச்செல்வி. உங்ககிட்ட பேசணுமாம்” என்று ஜன்னல் வழியே நீட்டினாள். காதில் வைத்ததும் பறைச் சத்தமும் ஒப்பாரியும்தான் முதலில் கேட்டன.

“மாமா, பொழுதோட எடுத்துடணும்னு சொல்றாங்க. வந்துக்கினு இருக்கீங்களா?”

“ஏன், உங்க சித்தப்பனுங்க வாயில இன்னா, கொழுக்கட்டையா? ஒருத்தனுக்குத் திண்டிவனத்துக்கு வழி தெரியாதா?”

“நான்தான் மாமா பொண்ணு. நான் சொல்றேன். எங்கம்மா செத்துப்போச்சி. வாங்க.”

“பொம்பளப் புள்ள சொல்றது முறை இல்லம்மா” என்றார் ஆதிநாராயணன். குரல் உடைந்துதான் வந்தது. உடைந்த குரலிலும் அதையேதான் சொன்னார்.

அம்பிகா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். படுத்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “இருக்கட்டும். சீனுவாசன் வந்திருப்பாரு. அன்னிக்கி மடியில வச்சவரு, இன்னிக்கிக் கோடியும் போடுவாரு.”

குளவி கொட்டியதுபோல எழுந்தார் மனுஷர். தங்கை செத்ததற்கு எழாத கால் அது. பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து நடந்தார். இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அம்பிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு வேன் செஞ்சியில் இருந்தது. பஸ்ஸில்தான் போனார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. பையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை, சாவுப் பொருள் என்று காலடியில் வைத்திருந்தார். போய் இறங்கியதும் நடக்கப்போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பந்தலில் கூட்டம் விலகும். ‘தாய்வீட்டுக் கோடி வந்தாச்சி’ என்று யாராவது கத்துவார்கள். பறை நிற்கும். கண்ணையன் தம்பிகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். சீனுவாசன் கையில் புடவை இருந்தால் பின்னால் போவான். ஆதிநாராயணன் ஒரு வார்த்தை பேச மாட்டான், போர்த்திவிட்டு ஓரமாக நிற்பான். அவ்வளவும் நன்றாகத்தான் ஓடியது. புடவையைப் போர்த்தக் குனிகிற இடத்தில்தான் பவுனின் முகம் குறுக்கே வந்தது. பாவாடை சட்டையில், இவர் சட்டைப் பையில் கைவிட்டுப் பச்சை மல்லாட்டையைத் திருடுகிற முகம். அங்கே வந்ததும் நிறுத்திவிட்டு, கூட்டம் விலகுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் மாறி, வளவனூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவுக்குள் நுழையும்போதே கால் தயங்கியது. தரையெல்லாம் சாமந்தி இதழ், தெருவிலிருந்து சுடுகாட்டுப் பக்கமாகச் சிந்திக்கொண்டு போயிருந்தது. பறை காய்ச்சிய வைக்கோல் சாம்பல். வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள், தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பொம்பளை ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தாள். “யாரு, பவுனு அண்ணனா? திண்டிவனத்துக்காரரா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. அய்யோ, இப்பதான்யா தூக்கினு போனாங்க! மண்ணு கூடத் தள்ளியிருப்பாங்க இந்நேரம்.”

ஆதிநாராயணன் நின்ற இடத்திலேயே நின்றார். கோடி இல்லாமல் எப்படி எடுத்தார்கள் என்று கேட்க வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“வர முடியலன்னாலும் கோடிய அனுப்பிச்சிட்டியே, அது போதும்யா. மொதக் கோடி உன்னுதுதான். நல்ல மாம்பழக் கலரு, பச்ச பார்டரு. போத்துனதும் மூஞ்சே மாறிப்போச்சி அதுக்கு. வருசா வருசம் பொங்கலுக்கும் தவறாம அனுப்புவ. புதுப்புடவைய எடுத்துக்கினு தெருவுல வூடு வூடா வந்து காட்டும், எங்கண்ணன் அனுப்பிச்சதுன்னு. அண்ணனுக்கு மண்டியில வேல ஜாஸ்தி, வர முடியாது, ஆனா புடவ மட்டும் வந்துடும்னு சொல்லும். எங்களுக்கும்தான் இருக்கானுங்க அண்ணன் தம்பிங்க, சீ!”

பை கையில் கனத்தது. அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இந்தத் தெருவில் இத்தனை வருஷமாக இன்னொரு ஆதிநாராயணன் குடியிருந்திருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்குப் புடவை எடுத்த ஆதிநாராயணன். மல்லாட்டை உடைக்கப் போன கூலியில் பவுனு அவனை வளர்த்திருக்கிறாள். ‘அது நான் இல்லம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷரைக் கொஞ்சம் மன்னிக்கலாம். எதிர்வீட்டுக்காரி அவர் முகத்தையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா” என்றார் ஆதிநாராயணன். “மண்டியில வேல. அதான் புடவைய அனுப்பிச்சிட்டேன்.” அட பாவி மனுஷா!

சொல்லி முடித்துத் திரும்பினால் தமிழ்ச்செல்வி சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். தலையில் ஈரம் சொட்டியது. காதில் சின்னக் கம்மல். அவளை இவ்வளவு பக்கத்தில் அன்றைக்கு பஸ்ஸில் பார்த்ததுதான். வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த கண்ணையன் இவரை அடையாளம் கண்டுகொண்டார். விளங்குகிற ஒரு கையைத் தூக்கி, வா என்று அசைத்தார். பதினேழு வருஷமாக இவர் காத்திருந்த அழைப்பு. ஒரு அடி எடுத்து வைத்தார். பையோடு எப்படி உள்ளே போவது?

தமிழ்ச்செல்வி அந்தப் பையைப் பார்த்தாள். வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அம்மா பெட்டியில எடுத்து வச்சிருந்துச்சி மாமா. மாமன் வரலன்னா இதப் போடு, மாமா குடுத்தனுப்பிச்சதுன்னு சொல்லுன்னுச்சி. வந்துட்டாருன்னா இத யாருக்கும் காட்டாத, எடுத்து மறச்சிடுன்னுச்சி.” அவள் அழவில்லை. “சீனுவாசன் மாமா போடறேன்னாரு. நான் உடல. கடைசி வரைக்கும் தெருவயே பாத்துக்கினு இருந்தேன். அப்புறம்தான் போத்துனேன்.”

“நான் சுடுகாட்டுக்குப் போறேம்மா. மண்ணு மேலயாவது இதப் போட்டுட்டு...”

“வேணாம் மாமா.” அவர் கையை அவள் பிடிக்கவில்லை, வழியை மறித்துக்கொண்டு நின்றாள். “அங்க ஊரே நிக்கிது. ரெண்டாவது கோடி எங்கேர்ந்து வந்துச்சின்னு கேப்பாங்க. எங்கம்மா வருசக்கணக்கா பொய் சொல்லிச்சின்னு ஆயிடும். அது சொன்னது அது கூடவே போவட்டும். அந்தப் பைய வெளிய எடுக்காதீங்க.”

சொம்பை நீட்டினாள். அவர் கால் கழுவினார். கண்ணையனின் கை உள்ளே இன்னும் அசைந்துகொண்டிருந்ததா, ஓய்ந்துவிட்டதா என்று அவர் பார்க்கவில்லை.

மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பிணத்துக்கு எடுத்த கோடியைப் போர்த்தாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, அடுத்த சாவைக் கேட்கும் என்று எத்தனையோ வீட்டில் இவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் அம்பிகா காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். இப்படி ஆகிவிட்டால் இதற்கு என்ன முறை என்று கேட்க ஊரில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. வேகவைத்த மல்லாட்டை விற்கிற பொம்பளை ஒருத்தி கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கக் கூடாதென்று துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

விழுப்புரம் பஸ் வந்தது. பையைப் பெஞ்சுக்குக் கீழே காலால் தள்ளிவிட்டு எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது.

“பெரியவரே! பை! உங்க பைய உட்டுட்டீங்க!”

மல்லாட்டைக்காரி கூடையை அப்படியே போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸோடு சேர்ந்து ஓடிவந்தாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் விழுந்தது. ஆதிநாராயணன் கை தன்னால் ஷட்டருக்குப் போனது. இழுத்தார். துருப்பிடித்த ஷட்டர் இறங்கவில்லை.

“புடிங்க! புதுப் புடவையாட்டம் கீது, யாருக்கு எடுத்துக்கினு போறீங்களோ!” மூச்சிரைக்க, ஜன்னல் வழியாகப் பையை உள்ளே தள்ளினாள்.

பை அவர் மடியில் விழுந்தது. குங்குமப் பொட்டலம் பிரிந்து வெள்ளை வேட்டியில் சிந்தியது. பஸ் வேகம் பிடித்துக் குலுங்கியது. கீழே வழுக்கிப் போகாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.